நாங்கள் தீவில் நன்றாகத் தூங்கவில்லை, அத்தை

பெருமதிப்பிற்குரிய அத்தை அவர்களுக்கு, மருமகள் வணக்கத்துடன் எழுதுவது.

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். மணி பன்னிரண்டே கால். இங்கே மூவரும் நலம். அதாவது இருவர் தூங்குகிறார்கள், ஒருத்தி சமையல்மேடை விளக்கில் உட்கார்ந்து எழுதுகிறாள். உங்களுக்கு பஸ்ஸில் காலை நீட்ட இடம் கிடைத்ததா, முட்டி எப்படி இருக்கிறது?

இன்று காலை நாங்கள் தீவிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "ரெண்டு பேரும் நல்லாத் தூங்கினீங்களா?" என்று கேட்டீர்கள். நானும் சூப்பராகத் தூங்கினோம் என்று சொல்லிவிட்டேன். அது பொய். சாயந்திரம் நீங்கள் கிளம்பும்வரை உண்மையைச் சொல்ல நாலு தடவை வாயைத் திறந்து நாலு தடவையும் காபி வேண்டுமா என்றுதான் கேட்டேன். ஆகவே எழுதி, காலையில் ஆபீஸ் போகும் வழியில் தரச்சொல்லி உங்கள் மகனிடம் கொடுத்தனுப்புகிறேன். அவரிடம் எதுவும் விசாரிக்க வேண்டாம், அவர் வேறு மாதிரி சொல்வார்.

யோசனை உங்களுடையது. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் என்னை மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார்கள், பதினைந்து நாளுக்கு ஒரு வியாழக்கிழமை ராத்திரி நீர்த்தேக்கத்திலேயே தங்கி நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்குத் தண்ணீர் மாதிரி எடுக்க வேண்டுமாம், புதன்கிழமைக்குள் பதில் வேண்டுமாம் என்று சொல்லி, பதினோரு மாசக் குழந்தையை விட்டுவிட்டு என்னால் ஒரு ராத்திரிகூட இருக்க முடியாது என்று போனில் அழுதேன். நீங்கள் முழுக்கக் கேட்டுவிட்டு, "இருந்து பார்த்தியா? பார்க்காமலே ரிசல்ட் எழுதுற. நீயெல்லாம் லேப்ல என்னத்த வேலை பார்த்த?" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்றது. சனிக்கிழமை ராத்திரி ரெண்டு பேரும் எங்கேயாவது போய்த் தொலையுங்கள், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னீர்கள். அவ்வளவுதான், உங்கள் மகன் மறுநாளே ஒரு கூடாரத்தை இரவல் வாங்கி, தீவு ஒன்றையும் பிடித்துவிட்டார்.

நான் உங்களுக்காக எழுதிய நாலு பக்கக் குறிப்பு உங்களுக்கு ஞாபகம் இருக்காது, ஏனென்றால் அது உங்கள் கைக்கு வரவே இல்லை. முப்பத்தொரு வருஷம் குழந்தைகள் வார்டில் வேலை பார்த்தவருக்கு, குழந்தையை எந்தப் பக்கமாகப் படுக்கவைப்பது என்று எழுதிக்கொடுக்க எனக்கு எவ்வளவு தைரியம் என்று அப்போது தோன்றவில்லை. அதை மறக்காமல் இருக்க வேண்டும் என்று குட்டியின் நீலப்பையில் செருகினேன். நாங்கள் கிளம்பும்போது ஹாலில் இரண்டு பைகள் இருந்தன, ஒன்று எங்கள் சாப்பாட்டுப் பை, மற்றது நீலப்பை. பதினோரு மாதமாக வாசற்படி தாண்டும்போதெல்லாம் என் தோள் எதை எடுத்துப் பழகியதோ அதையே எடுத்தது.

படகுக்காரர் எங்களை ஐந்து மணிக்கு இறக்கிவிட்டார். தீவு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, இருபது நிமிஷத்தில் சுற்றி வந்துவிடலாம், நடுவில் கொஞ்சம் சவுக்கு மரம், சுற்றிலும் மணல். இங்கே யாரும் வரமாட்டார்கள், நாய்கூடக் கிடையாது, சத்தமே இருக்காது என்று ஏதோ தானே அந்த அமைதியைக் கட்டிவைத்த மாதிரி சொல்லிவிட்டு, காலையில் எட்டுக்கு வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். கையில் கடிகாரம் இருக்கிறதா என்று மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை அவர் உங்கள் மகனைத்தான் பார்த்தார்.

கூடாரம் போட ஆரம்பித்தோம். அதைப் பிடி, இதை இழு என்று உங்கள் மகன் என் காதருகே வந்து கிசுகிசுக்கிறார், நானும் கிசுகிசுத்தே பதில் சொல்கிறேன். ஜிப்பை ஒவ்வொரு பல்லாக இழுத்து மூடுகிறார். ஆணி அடிக்கும்போது சுத்தியலில் துண்டைச் சுற்றிக்கொண்டார். இதெல்லாம் எங்களுக்கு விசித்திரமாகவே படவில்லை அத்தை. கடைசியில் ஒரு கம்பி கைநழுவிப் பாறையில் டணார் என்று விழுந்தது. இரண்டு பேரும் அப்படியே உறைந்து நின்றோம், தோளைக் குறுக்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, அழுகைக்காகக் காத்துக்கொண்டு. அழுகை வரவில்லை. ஒரு அலை வந்தது. அது போய் இன்னொன்று வந்தது. அவர் கண்ணைத் திறந்து, "இங்க யார்டி தூங்குறாங்க?" என்றார். அதையும் கிசுகிசுத்துத்தான் சொன்னார்.

பிறகு சாப்பிடலாம் என்று பையைத் திறந்தால் டயப்பர், பவுடர், கிலுகிலுப்பை, பிளாஸ்கில் வெந்நீர், குழந்தை மாவு டப்பா, என் நாலு பக்கம். எனக்குக் கை கால் ஓடவில்லை. அங்கே உங்களிடம் டயப்பர் இல்லை, மாவு இல்லை, குறிப்பு இல்லை, எங்களுடைய ரொட்டியும் எட்டு முட்டையும்தான் இருக்கிறது. டயப்பருக்குப் பதில் முட்டையை எப்படி நீங்கள் குழந்தைக்குக் கட்டிவிடுவீர்கள் என்றுகூட ஒரு கணம் யோசித்துவிட்டேன் என்றால் என் நிலைமையைப் பாருங்கள். படகும் போய்விட்டது. போனைத் தூக்கிப் பிடித்தபடி தீவை இரண்டு சுற்றுச் சுற்றி, வடக்குப் பக்கத்துப் பாறைமேல் ஒற்றைக்காலில் நின்றபோது ஒரு கோடு சிக்னல் வந்தது, உங்கள் செய்தியும் வந்தது. பை மாறிவிட்டது, துணி கட்டியிருக்கிறேன், சாப்பிட்டாள், தூங்குகிறாள், நீயும் படு என்று நாலே வரி. என் நாலு பக்கத்தை நீங்கள் நாலு வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது, கொஞ்சம் கோபமாகவும் இருந்தது.

நாங்கள் குழந்தை மாவைத்தான் சாப்பிட்டோம். உங்கள் மகன் டார்ச் வெளிச்சத்தில் என் குறிப்பை உரக்கப் படித்து, ஆறு ஸ்பூன் மாவு, கட்டியில்லாமல், ஊட்டும்போது கதை சொல்லவும் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் செய்தார். இருந்தது ஒரே சின்ன ஸ்பூன். கதை சொன்னால்தான் வாயைத் திறப்பேன் என்றார். நானும் ஒரு முயல் கதை சொன்னேன்.

நடுராத்திரியில் விழித்தால் பக்கத்தில் அவர் இல்லை. வலை வழியாகப் பார்த்தேன். நல்ல நிலா. மணலில் உங்கள் மகன் அங்கும் இங்கும் நடக்கிறார், தோளில் சுருட்டிய படுக்கை, அதன் முதுகைத் தட்டிக்கொண்டே நடக்கிறார், திரும்பும் இடத்தில் இடுப்பை லேசாக ஆட்டுகிறார். வீட்டில் இரண்டு மணிக்குக் குட்டியைத் தூக்குவது அவர் முறை, அதுதான் தூக்கத்திலேயே எழுந்துவிட்டார். நான் போய்த் தோளைத் தொட்டதும் கண்ணைத் திறக்காமலே, "தூங்கிட்டா, லைட்டப் போட்டுடாத" என்றார். அந்த லைட்டை நான் என்ன செய்ய முடியும், அத்தை, அது கடல் முழுக்க இருந்தது.

அதற்கப்புறம் தூக்கம் போய்விட்டது. தண்ணீர் வெகுதூரம் வற்றி, கணுக்காலளவுக்கு மட்டும் நின்றிருந்தது. அதில் முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்தோம். தண்ணீர் மெதுவாக வந்து எங்களைச் சுற்றிக்கொண்டு போனது, பாவாடை ஓரம் தானாக விரிந்து தானாக மடிந்தது, எது வானம் எது தண்ணீர் என்று பார்த்துப் பிரித்துக்கொள்ள அவசியமே இல்லாத மாதிரி இருந்தது. அவர் சொன்னார், "முன்னாடி நீ லேப்ல இருந்து வந்தா உன் கையில நீச்சல் குளத்து வாசனை அடிக்கும். அது போயே போச்சு." நான் கையை முகர்ந்து பார்த்தேன், குழந்தை மாவு வாசனைதான் வந்தது. பிறகு என்னென்னவோ பேசினோம், எதுவும் முக்கியமில்லை, சிரித்தோம், சத்தமாகவே சிரித்தோம்.

இப்போதுதான் உண்மைக்கு வருகிறேன். வானம் வெளுத்தபோது எனக்குத் திடுக்கென்றது. அவ்வளவு நேரமும் நான் குட்டியை நினைக்கவே இல்லை. ஒரு மணி நேரமோ, இரண்டோ. அப்படி ஒருத்தி இருப்பதே என் ஞாபகத்தில் இல்லை. பெற்றவளுக்கு இது அடுக்குமா? படகுக்காரர் கடிகாரம் இருந்தும் ஒன்பதரைக்குத்தான் வந்தார், அதுவரை கரையிலேயே நின்றேன். வீட்டுக்கு ஓடிவந்தால், உங்கள் மடியில் இருந்தவள் மின்கணக்கு எடுக்க வந்தவரைப் பார்ப்பது போல என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கரண்டியைச் சப்பப் போய்விட்டாள். ஒரே ராத்திரியில் இப்படி என்றால், பதினைந்து நாளுக்கு ஒரு ராத்திரி என்றால் என்ன ஆகும்?

ஆகவே முடிவு செய்துவிட்டேன். புதன்கிழமை வேலை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் வருத்தப்படக் கூடாது. நான் பக்கத்தில் இருந்தால்தான் அவளுக்குத் தூக்கம். அவள் புரண்டு படுத்தாலே எனக்குக் கேட்டுவிடும். இதை எழுதும்போதுகூட ஒரு காது அந்த அறையில்தான் இருக்கிறது.

முட்டிக்குத் தைலம் தடவிக்கொள்ளுங்கள், மாடிப்படி ஏற வேண்டாம். உங்கள் ஆசி எங்கள் மூவருக்கும் எப்போதும் வேண்டும்.

அன்பும் பணிவும் குறையாத,
உங்கள் மருமகள்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது உங்கள் மகன் தண்ணீர் குடிக்க வந்தார். குட்டி எழுந்து பத்து நிமிஷம் வீடே அதிர அழுதாளாம், அவர்தான் தோளில் போட்டுத் தூங்கவைத்தாராம். உனக்குக் கேட்கவில்லையா என்றார். கேட்கவில்லை, அத்தை. கதவு திறந்துதான் இருக்கிறது, அறைக்கும் எனக்கும் ஆறடி. அநேகமாக நான் தண்ணீரில் உட்கார்ந்திருந்த பத்தியில் இருந்திருப்பேன். போய்ப் பார்த்தேன், வாயைத் திறந்துகொண்டு நன்றாகத் தூங்குகிறாள், குறை ஒன்றும் இல்லை. உங்கள் மகன் இதற்குள் கடிதம் முழுவதையும் படித்துவிட்டார். நீர்த்தேக்கத்தில் ராத்திரி குளிருமா, உன் ஸ்வெட்டர் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். ஆகையால் மேலே எழுதியதில் வணக்கத்தையும் முட்டி விசாரிப்பையும் வைத்துக்கொண்டு மீதியை அடித்துவிடவும். வேலைக்கு வருகிறேன் என்றுதான் புதன்கிழமை சொல்லப் போகிறேன். முதல் ராத்திரி அடுத்த மாதம் இரண்டாவது வியாழக்கிழமை. உங்களால் வந்து தங்க முடியுமா? செவ்வாய்க்கிழமைக்குள் எனக்குத் தெரிய வேண்டும். சீக்கிரம் பதில் போடுங்கள்.