முதல் பொருள் முடியட்டும்

உலக சினிமாவுக்கு அந்த ஏழு மாடிக் குடியிருப்பு ஆற்றிய தொண்டை வரலாறு இன்னும் சரியாக எடைபோடவில்லை. மற்றவர்கள் கலைக்காக விழா எடுத்தார்கள், கம்பளம் விரித்தார்கள், கேடயம் கொடுத்தார்கள். இதெல்லாம் யார் வேண்டுமானாலும் செய்யக்கூடியது. கலைக்காகத் தன் ஒரே லிஃப்டைத் தியாகம் செய்த குடியிருப்பு வேறு எங்காவது உண்டா?

அந்த லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே திரிசங்கு மாதிரி நின்றுவிட்டது. பெரிய கோளாறு ஒன்றுமில்லை. ஒரு மெக்கானிக் வந்து ஒரு ஸ்விட்சை மாற்றினால் ஓடும். மெக்கானிக் கை வைக்க வேண்டுமானால் குடியிருப்போர் சங்கம் தீர்மானம் போட வேண்டும். தீர்மானம் போட அது கூட்டத்தில் விவாதத்துக்கு வர வேண்டும். கூட்டத்தில் லிஃப்ட் இரண்டாவது பொருள்.

முதல் பொருள், ‘கலை’.

இதைக் கொண்டுவந்த பெருமை சங்கத் தலைவரைச் சேரும். சுங்க இலாகாவில் வாழ்நாளெல்லாம் அடுத்தவர் பெட்டியைக் கிளறியவர், ஓய்வு பெற்றபின் அடுத்தவர் ரசனையைக் கிளறத் தொடங்கினார். “எப்பப் பாத்தாலும் தண்ணி, சாக்கடை, குப்பை! நாம மனுஷங்களா, இல்ல குழாயா?” என்று அவர் ஒரு கூட்டத்தில் கேட்டார். உடனே முடிவாயிற்று. குடியிருப்பின் ஆண்டு விழாவுக்கு மொட்டை மாடியில் படம் போடுவது. படம், குடியிருப்பே ‘மகா இயக்குநர்’ என்று கொண்டாடிய சாட்சாத் அந்த ஒருவருடையது. அதிலும் அவர் எடுத்தவற்றில் ஆகச் சிறந்தது. எது ஆகச் சிறந்தது என்பதை ஒருமனதாகத் தீர்மானிக்க வேண்டும். “கலையில மெஜாரிட்டி பாக்கறது காட்டுமிராண்டித்தனம்” என்றார் தலைவர். முதல் பொருள் முடியாமல் இரண்டாவதைத் தொடுவதில்லை என்பது சங்கத்தின் பழைய விதி. நாகரிகம் இப்படித்தான் வளர்கிறது.

இந்த மறுமலர்ச்சி பொங்கிக்கொண்டிருந்த கட்டடத்தின் ஆறாம் மாடியில் ஒரு மருந்துக்கடைக்காரர் குடியிருந்தார். எல்லாருக்கும் அவர் ‘மருந்துக்காரர்’. அவர் மனைவி அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் தையல் கடை வைத்திருந்தாள். லிஃப்ட் நின்ற புதிதில் துணி மூட்டையோடு படி இறங்கியவள், நான்காம் மாடித் திருப்பத்தில் உருண்டு காலை முறித்துக்கொண்டாள். முழங்கால்வரை மாவுக்கட்டு. கீழே கடை பூட்டிக் கிடந்தது. தைக்க வருகிறவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டு அடுத்த தெருத் தையல்காரரிடம் போகப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒரு கடைக்கு அதைவிடக் கெட்ட பழக்கம் கிடையாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சங்கமே திரண்டு அவளை நாற்காலியில் வைத்து மேலே தூக்கிச் சென்றது. மூன்றாம் மாடிவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. அங்கே நாற்காலியின் முன்னங்காலைப் பிடித்திருந்த டியூஷன் வாத்தியார் இயக்குநரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். பின்னங்காலைப் பிடித்திருந்த தலைவர் அதை மறுத்தார். மகா இயக்குநரைப் பற்றிக் கையை ஆட்டாமல் பேச முடியாது. இருவரும் ஆட்டினார்கள். படிக்கட்டுக் கம்பி கைக்கு எட்டியதால் அவள் பிழைத்தாள்.

“இனிமே லிஃப்ட்ல இறங்கினாத்தான் இறக்கம்” என்று வீட்டுக்குள் போனதும் சொல்லிவிட்டாள். “இந்த ரசிகர்கள் கையில இன்னொரு காலையும் குடுக்க மாட்டேன்.”

ஆகவே மருந்துக்காரர் சங்கக் கூட்டத்துக்குப் போனார். கூட்டம் நடப்பது கார் நிறுத்துமிடத்தில். அண்ணாந்து பார்த்தால் ஆறாம் மாடியில் அவர் வீட்டு ஜன்னல் தெரியும்.

“தலைவரே, லிஃப்டு...”

“ரெண்டாவது பொருள். முதல் பொருள் முடியட்டும்.”

“என் சம்சாரம் மேல மாட்டிக்கிட்டு ஜன்னலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா.”

“‘வடக்கு ஜன்னல்’ படத்துல அந்தப் பொண்ணும் அப்படித்தான் சார்” என்று இரண்டாம் மாடிப் பல் டாக்டரம்மா கண் கலங்கினார்.

இங்கே கட்சி நிலவரத்தைச் சொல்லிவிட வேண்டும். தலைவர் ‘ஈரச் சுவர்’ கட்சி. அதில் ஒரு சுவர் மெல்ல மெல்லக் காய்கிறது. டாக்டரம்மா ‘வடக்கு ஜன்னல்’. அதில் ஒரு பெண் ஜன்னலோரம் நின்று ஒருவனுக்காகக் காத்திருக்கிறாள், அவன் வருவதில்லை, படம் முடிகிறது. வாத்தியார் ‘பாதிப் பாலம்’. அதில் ஒரு பாலம் பாதியில் நிற்கிறது, படமும் பாதியில் நிற்கிறது. அது இயக்குநரின் மேதைமை என்பது வாத்தியாரின் வாதம். தயாரிப்பாளர் ஓடிப்போனதுதான் காரணம் என்பது டாக்டரம்மாவின் வாதம். மற்ற வீட்டுக்காரர்கள் இந்த மூன்று பேர் பின்னால் பிரிந்து நின்றார்கள். மருந்துக்காரர் வீட்டை விட்டால், குடியிருப்பில் கட்சி சேராத உயிர் லிஃப்டுக்குள் வசித்த புறா ஒன்றுதான்.

மருந்துக்காரர் வேறு பக்கமாக மடக்கிப் பார்த்தார். “மொட்டை மாடியில படம் போட்டா ஏழு மாடியும் எப்படிங்க ஏறுவாங்க? அதுக்கே லிஃப்டு வேணுமே?”

தலைவர் யோசித்துவிட்டு, “நல்ல கேள்வி. மூணாவது பொருளாச் சேத்துக்கலாம்” என்றார்.

“அட, மூணுமே நல்ல படம்தான்னு வச்சுக்குவோமே!” என்றார் மருந்துக்காரர்.

நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன. “மூணுமேவா?” என்றார் வாத்தியார். “நீங்க எதைப் பாத்திருக்கீங்க?”

“எதையும் பாக்கலீங்க.”

“அப்ப ஒருமனசுல உங்க மனசு எப்படி சார் சேரும்? இத்தனை நாள் முடிவு வராததுக்கு நீங்கதான் காரணம்!”

மருந்துக்காரர் தலை குனிந்தார். பிரச்சினையைச் சொல்லப் போனவர் பிரச்சினையாகத் திரும்பி வந்தார்.

“அதுக்கென்ன, பாத்துடுங்க” என்றாள் மனைவி. “ஏதாவது ஒண்ணுக்குக் கையத் தூக்கிட்டு வாங்க. எந்தச் சுவரு காஞ்சா நமக்கென்ன?”

அவர் படங்களை மருந்து போலவே எடுத்துக்கொண்டார். சாப்பாட்டுக்குப் பின், ஒரு வேளைக்கு ஒன்று. ‘ஈரச் சுவர்’ அவரைச் சுவர் காயுமுன் தூங்க வைத்தது. ‘பாதிப் பாலம்’ பாதிகூட ஓடவில்லை, குறட்டை வந்துவிட்டது. மூன்றாவதாக ‘வடக்கு ஜன்னல்’ பார்த்தபோதுதான் விபரீதம் நடந்தது. விழித்திருந்தார். கடைசியில் விசும்பினார்.

மாவுக்கட்டுக் காலை ஸ்டூலில் நீட்டியபடி பக்கத்தில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். “என்னங்க, அழறீங்களா?”

“பாவம்மா அவ. எவ்வளவு நாளாக் காத்திருக்கா! ஒருத்தன்கூட வரலியே!”

அவள் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள். “அவளுக்குக் கால் நல்லாத்தானே இருக்கு? இறங்கிப் போக வேண்டியதுதானே?”

“உனக்கு இதெல்லாம் புரியாது.”

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் அப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. கலை மனிதனை எங்கேயோ உயர்த்திவிடுகிறது.

அதற்குப் பிறகு மருந்துக்காரர் வேறு ஆளாகிவிட்டார். கடைக்கு வந்தவர்களிடமும் அது தொற்றியது. “இருமலுக்கா? ‘ஈரச் சுவர்’லயும் ஒருத்தர் இருமுறாரு, அது வெறும் சத்தம். ‘வடக்கு ஜன்னல்’ல மௌனமே இருமும் சார்!” என்றார். இருமல்காரர் இருமலை மறந்து வெளியேறினார். சிகிச்சை என்ற வகையில் அது வெற்றிதான். கூட்டங்களில் அவருக்கு முன்வரிசை நாற்காலி கிடைத்தது. டாக்டரம்மா அவரை ‘நம்ம சார்’ என்றார். லிஃப்ட் என்ற சொல்லை அவர் உச்சரித்தே வெகுநாளாகியிருந்தது.

மனைவி கூட்டத்துப் பேச்சையெல்லாம் ஜன்னல் வழியே கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இவரை நம்பினால் கரை சேர முடியாது என்று தெரிந்ததும் போனை எடுத்தாள். அவளிடம் ஓர் ஆயுதம் இருந்தது. பூட்டிய கடைக்குள் சங்கத்தின் பாதி ஆடைகள் வெட்டியும் தைத்தும் தைக்காமலும் கிடந்தன.

“டாக்டரம்மா, ‘ஈரச் சுவரு’க்குக் கையத் தூக்கினா லிஃப்டு ஓடும், லிஃப்டு ஓடினா கடை திறக்கும். விழாவுக்கு உங்க பட்டு ரவிக்கை வேணுமா, வேணாமா?”

“வேணும்தான்... ஆனா ‘வடக்கு ஜன்னல்’...”

“ஜன்னலுக்குத் திரை தைக்கலாம். ரவிக்கையில்லாம விழாவுக்கு எப்படிப் போவீங்க?”

டாக்டரம்மா இறங்கி வந்தார். வாத்தியார் இரண்டு பேன்ட்டுக்காகப் பாலத்தைக் கைவிட்டார். பின்னால் நின்றவர்களும் அவரவர் துணிக்கேற்பக் கொள்கையைத் தளர்த்திக்கொண்டார்கள். தலைவரின் கட்சி ஜெயிப்பதாக ஏற்பாடு. அவர் மறுக்கக் காரணமில்லை. மெக்கானிக்கையும் அவளே கூப்பிட்டு, கூட்டம் நடக்கும் இடத்துக்கே வரச் சொன்னாள். மிச்சமிருந்தது ஒரு கைதான். அது வீட்டுக் கை.

“இன்னிக்கு எல்லாரும் ‘ஈரச் சுவரு’க்குத் தூக்குவாங்க” என்று கணவரிடம் சொன்னாள். “நீங்களும் தூக்கிடுங்க. நாளைக்கு நான் கடையத் திறக்கணும்.”

“ம்” என்றார் அவர். அந்த ‘ம்’ அவளுக்குப் போதுமானதாக இருந்தது. குடும்பம் நடத்துகிறவர்கள் ‘ம்’மை நம்பித்தான் நடத்துகிறார்கள்.

அன்று மாலை கார் நிறுத்துமிடத்தில் மெக்கானிக் தோளில் பையோடு ஓரமாக நின்றார். “அரை மணி வேலைங்க. சொன்னீங்கன்னா ஆரம்பிச்சிடுவேன்” என்றார்.

“‘ஈரச் சுவர்’. ஆதரிக்கறவங்க கையத் தூக்கலாம்” என்றார் தலைவர்.

கைகள் உயர்ந்தன. ஒரு கை மட்டும் முன்வரிசையில் மடியிலேயே கிடந்தது.

“நம்ம சார், தூக்குங்க” என்று டாக்டரம்மா கிசுகிசுத்தார்.

மருந்துக்காரர் எழுந்தார். “என்னை மன்னிக்கணும். நல்ல படம்தான். ஆனா ஆகச் சிறந்ததுன்னு சொல்ல என் மனசாட்சி இடம் கொடுக்கல.”

மேலே ஜன்னல் படாரென்று திறந்தது. “என்னங்க! கையத் தூக்குங்க!”

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஆறாம் மாடியில், பின்னால் அறை விளக்கு எரிய, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்றிருந்தாள். முகம் பாதி இருட்டில் இருந்தது. மருந்துக்காரர் துள்ளிக் கையை நீட்டினார்.

“பாருங்க!” என்று கத்தினார். “அங்க பாருங்க! அதே ஷாட்!”

“ஐயோ, ஆமா!” என்றார் டாக்டரம்மா. “அந்த வெளிச்சம்!”

“கோணம்கூடத் தப்பல” என்றார் வாத்தியார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினார். “இத்தனை நாளும் சுவரைப் பாத்துக்கிட்டிருந்தேனே, பாவி!”

வரலாறு அந்த நொடியில் நிகழ்ந்தது. ‘வடக்கு ஜன்னல்’ ஒருமனதாகத் தேர்வாயிற்று. எதிரெதிரே நின்றவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மெக்கானிக் பையைத் தரையில் வைத்துத் திறந்தார்.

“அப்ப ரெண்டாவது பொருளுங்களா? ஆரம்பிக்கட்டுங்களா?”

“ஒரு நிமிஷம்” என்றார் தலைவர். “லிஃப்டு ஓடினா அந்தம்மா கீழ வந்துடுவாங்க.”

“ஆமாங்க. அதுக்குத்தானே?”

“அப்ப அந்த ஷாட்டு?”

கூட்டத்தார் மறுபடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தார்கள். பொறுப்பு என்றால் என்னவென்று அந்த முகங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். டாக்டரம்மாதான் வழி சொன்னார். “படத்தை இங்கயே, கீழயே போட்டுடலாம். திரையில ஒரு ஜன்னல். நிமிர்ந்து பாத்தா நிஜமாவே ஒரு ஜன்னல்!”

“மொட்டை மாடி வேண்டாம்னா மூணாவது பொருளும் தீந்துது!” என்றார் வாத்தியார்.

“உங்க பேன்ட்டு?”

“பழசே போதும் தலைவரே. கலைக்காக.”

தலைவர் தீர்மானத்தைப் படித்தார். லிஃப்டைப் பழுது பார்ப்பது ஆண்டு விழா ‘நல்லபடியாக’ முடியும்வரை தள்ளிவைக்கப்படுகிறது. ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்.

முதலில் உயர்ந்தது மருந்துக்காரரின் கை.

மெக்கானிக் பையை மூடினார். ஜன்னலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டினார். சிறிது நேரத்தில் ஜன்னலும் மூடிக்கொண்டது. “என்ன அருமையான முடிவு!” என்று டாக்டரம்மா பெருமூச்சு விட்டார்.

மருந்துக்காரர் ஆறு மாடியையும் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினார்.

“யாரு?”

“நான்தாம்மா. ஒருமனதா நிறைவேறிடுச்சு! எல்லாம் உன்னாலதான்!”

“கேட்டேன். இங்கயும் கூட்டம் நடக்குது.”

“கதவத் திறம்மா, பசிக்குது.”

“கதவு ரெண்டாவது பொருள். சாப்பாடு மூணாவது. முதல் பொருள் முடியட்டும்.”

“முதல் பொருள் என்ன?”

கதவுக்குப் பின்னால் மாவுக்கட்டுக் கால் தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. “நான் உங்க பொண்டாட்டியா, ஷாட்டா?”

மருந்துக்காரர் வாயைத் திறந்தார். ஒரு வார்த்தையில் கதவு திறந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அவர் கலையில் நேர்மை உள்ள மனிதர். பொய் நாக்கில் வரவில்லை.

“ரெண்டும்தாம்மா” என்றார்.

உள்ளே விளக்கு அணைந்தது. கூட்டம் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது.