கூடவே வந்த சத்தம்

"இன்னியோட மூணு தபா சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்தக் கொய்ங் சத்தம் நிக்கணும். இல்லன்னா ரூமைக் காலி பண்ணு."

வீட்டுக்காரர் கோதண்டம் மாடி வாசலில் நின்று சொன்னார். நம்பிராஜன் எலெக்ட்ரிக் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு முழித்தான்.

"பாட்டு வாசிக்கலாம்லா அண்ணாச்சி?"

"பாட்டு எதுனா வாசி. அதுகூடவே ஒண்ணு இழுத்துகினு வருதே, அதான் மண்டைல ஏறுது."

அவர் சொன்னது பொய்யில்லை. மெதுவாக வாசித்தால் கிட்டார் ஒழுங்காகத்தான் இருக்கும். வேகம் கூடினால் விரல் பக்கத்துக் கம்பியை உரசும். தொடாத கம்பியும் தானே அதிர்ந்து ஊளையிடும். ஆனால் இந்த அறையை விட்டால் வேறு கிடைக்காது. செல்போன் கம்பெனிகள் வந்த பிறகு சுங்குவார்சத்திரத்தில் மாட்டுக் கொட்டகைக்கே வாடகை கேட்ட காலம் அது. ஸ்பீக்கர் பெட்டி வைத்திருக்கிற பிரம்மச்சாரிக்கு எவன் இடம் கொடுப்பான்?

உடன் தங்கியிருந்த அருள்பாண்டி கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். எந்தக் குறைக்கும் தன்னிடம் வழி உண்டு என்று நினைப்பவன். அப்படிப்பட்டவர்களிடம் கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது. நம்பிராஜன் நிற்கவில்லை.

"கம்பிக்கு அடியில ஸ்பாஞ்சைத் திணிலே."

பேக்கிங் ஸ்பாஞ்சைத் திணித்தார்கள். ஊளை நின்றது, பாட்டும் நின்றது. பலகையைத் தட்டுவதுபோல டொக் டொக் என்றது. சரியாகக் கேட்கவில்லையே என்று ஸ்பீக்கரைக் கூட்டினான். அந்த நேரம் பார்த்து ஸ்பாஞ்சு நழுவி விழுந்தது. கிளம்பிய ஊளையில் கீழே கட்டியிருந்த எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

கோதண்டம் அதை ஹைவே வரை துரத்திப் பிடித்து வந்தார். மாடியைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார். இன்னும் இரண்டே நாள்.

"உள்ளங்கையைக் கம்பி மேல சாய்ச்சு வாசி" என்று அடுத்த வழி சொன்னான் அருள்பாண்டி.

சாய்த்தான். வேகமெடுத்ததும் கை தானாகத் தூக்கிக்கொண்டது. மறுபடி கொய்ங்.

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து வந்ததும் அருள்பாண்டி ஒரு நீல வெல்வெட் பேண்டை நீட்டினான். பெண்கள் சடையில் போடுவது.

"ஏதுலே இது?"

"படியில கெடந்துச்சு. கிட்டார் கழுத்துல உச்சியில மாட்டு. சும்மா கெடக்க கம்பியெல்லாம் வாயைப் பொத்திக்கிடும்."

மாட்டினான். எவ்வளவு வேகமாக வாசித்தாலும் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, சுத்தமாக விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கோதண்டமே மாடியேறி வந்தார்.

"பரவால்லியே, இப்ப கேக்க நல்லாத்தான் கீது…" என்றவரின் கண் கிட்டாரின் கழுத்தில் நின்றது. "இது எம்பொண்ணு பேண்டாச்சே. உன்னாண்ட எப்டி வந்துச்சி?"

"கிட்டாருக்கு, அண்ணாச்சி…"

"கிட்டாருக்கு இன்னாத்துக்குடா சடை?"

கூச்சலைக் கேட்டு மனைவி சரோஜாவும் மகள் சசிரேகாவும் ஓடி வந்தார்கள்.

"படியில கெடந்ததை நான்தான் எடுத்துக் குடுத்தேன், அண்ணாச்சி. சத்தியமா!" என்றான் அருள்பாண்டி.

நம்பிராஜன் பேண்டைக் கழற்றி வாசித்தான். கொய்ங். மாட்டி வாசித்தான். சுத்தம். கோதண்டம் நம்பவில்லை. தானே கழற்றி, தானே மாட்டி, இன்னும் இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். பேண்ட் இல்லாதபோதெல்லாம் கீழே எருமை கத்தியது.

அவர் முகம் தளர்ந்தது. "தப்பா நெனச்சிட்டேன்பா. நீ ரூம்லயே இரு. பேண்டையும் நீயே வச்சிக்கோ. இன்னா சசி, உனக்கு வேற வாங்கிக்கலாம்."

சசிரேகா நம்பிராஜன் பக்கம் திரும்பவே இல்லை. அருள்பாண்டியைத்தான் முறைத்தாள்.

"பத்திரமா வச்சிக்கோன்னு உன்னாண்ட குடுத்தா, அதப் போய் கம்பில கட்டறதுக்கா குடுப்ப?"