கிருத்திகாவின் காட்டைச் சுத்தம் செய்த விவரம்

மர்பி டவுன்,
ஆயுதபூஜை, மாலை ஆறு மணி.

அன்பு மருமகள் கிருத்திகாவுக்கு,

உன் தாய்மாமன் சுந்தரம் ஆசிகளுடன் எழுதுவது. இங்கு நானும் உன் அத்தை யசோதாவும் நலம். நீ என்னைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போன காட்டில் நிற்கிற மரங்கள் வரைக்கும் நலம். நாளை இரவு கோயம்புத்தூரிலிருந்து நீ வந்து இறங்கும்போது பக்கத்து வீட்டு பாலகுமார் ஸ்டேஷனில் இந்தக் கடிதத்தைக் கொடுப்பான். பிளாட்பாரத்தில் நல்ல பெஞ்சாகப் பார்த்து உட்கார்ந்து படி.

"யாரையும் விறகு பொறுக்க விடாதீங்க மாமா, அது போதும்" என்றுதான் சொல்லிவிட்டுப் போனாய். காலேஜ் தோப்பில் ஒரு பாதியைத் தோட்டக்காரர்கள் தினமும் கூட்டுகிறார்கள், மறுபாதியை நீ மூன்று வருடமாக யாரையும் தொடவிடாமல் வைத்திருக்கிறாய், எந்தப் பாதியில் கார்பன் அதிகம் தங்குகிறது, எதில் பூச்சியும் பறவையும் அதிகம் பிழைக்கின்றன என்று பார்ப்பதுதான் உன் டாக்டர் பட்டம், இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? ஞாயிற்றுக்கிழமை தோட்டக்காரர் பிரகாஷ் வந்து, "என்ன சார், ஆயுதபூஜைன்னு ஊரே கழுவித் தொடைக்குது, உங்க பாப்பா பக்கம் மட்டும் இப்படிக் கெடக்கே, ஸ்வல்பம் கூட்டி விடக்கூடாதா?" என்று சிரித்தார். முப்பத்தொரு வருடம் பேக்டரியில் ஃபோர்மேனாக இருந்தவன் நான். பூஜையன்று என் பொறுப்பில் ஒரு ஸ்பேனர்கூட அழுக்காக இருந்ததில்லை. ரோஷம் வந்துவிட்டது. பாலகுமாரின் டாடா ஏஸ் சரக்கு வண்டியைக் கொண்டுபோய்ச் சருகையெல்லாம் வாரிப் பன்னிரண்டு மூட்டை கட்டினேன், மரங்களுக்குச் சுண்ணாம்பும் காவியும் அடித்தேன், நடுவில் விழுந்து கிடந்த பெரிய கட்டையை நான்காக அறுத்து, காளானைச் சுரண்டி, நம் வீட்டு மொட்டை மாடியில் காயப் போட்டேன். அதிலிருந்து வண்டு, பூரான், ஓர் அரணைக் குடும்பம் எல்லாம் தெறித்து ஓடின. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. தொல்லை விட்டது என்று சந்தோஷப்பட்டேன், பாவி.

இன்று நாலு மணிக்கு உன் பேராசிரியை வேதநாயகி மேடம் போன் செய்தார். "சனிக்கிழமை காலைல வர்றேன் சார். விழுந்த கட்டையத்தான் மொதல்ல அளக்கணும். அந்தப் பக்கத்து உயிர்ல பாதி அதுலதான் இருக்கு. அது இல்லாட்டி பொண்ணோட மூணு வருஷ வேலையும் போச்சு" என்றார். "பத்திரமா இருக்கு மேடம்" என்றேன். பொய்யில்லை, மாடியில் பத்திரமாகத்தான் காய்கிறது. ஆனால் போனை வைத்ததிலிருந்து மாடி ஏறி அதைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. உன் மூன்று வருடத்தை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கூட்டித் தள்ளிவிட்டேனே என்று அழுகை வருகிறது.

நீ பதறாதே. நாளை காலை ஆறு மணிக்கு வண்டி சொல்லிவிட்டேன். மண்ணில் கட்டை கிடந்த தடம் அப்படியே இருக்கிறது, நாலு துண்டையும் சேர்த்து வைத்தால் ஒன்றாகத்தான் தெரியும். சருகைத் திரும்பக் கொட்டிவிடுவேன், எது எந்த மரத்தடிச் சருகு என்று மட்டும் கேட்காதே. சுண்ணாம்பைத் தேய்த்துக் கழுவிவிடலாம். அரணைகளைத்தான் கூப்பிட முடியாது, மற்றபடி சனிக்கிழமை விடிவதற்குள் உன் காடு பழையபடி உன் காடாக இருக்கும்.

சகல சௌபாக்கியமும் பெற்று, எப்படியாவது டாக்டர் கிருத்திகா ஆக வேண்டுமென்று வாழ்த்தும்,
பயந்துபோன மாமா,
சுந்தரம்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது உன் அத்தை வந்தாள். "அந்தக் கட்டையா? காலைலயே கோயில் அன்னதானத்துக்குக் குடுத்துட்டேனே. நல்லா காஞ்ச வெறகுன்னு சமையல்காரர் ரொம்ப மெச்சிக்கிட்டார்" என்றாள். மத்தியானம் அந்தப் பிசிபேளாபாத்தை நானும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். ஓடிப்போய்ப் பார்த்தேன், அடுப்பு ஆறியிருந்தது. சாம்பலை ஒரு சாக்கில் அள்ளி வந்திருக்கிறேன். நீ கட்டையில் ஆணியடித்து வைத்த நம்பர் தகடு அதற்குள் கிடந்தது. துடைத்துப் பார்த்தேன், நாற்பத்தேழு என்பது இன்னும் நன்றாகத் தெரிகிறது.