ஓடைக்கு ஒன்றும் இல்லை

காலில் ஈரம் படாமல் வெள்ளத்தை அளக்கிற ஓர் இனம் உண்டு. உத்தியோகப் பெயர், ஆபத்து மதிப்பீட்டாளர். கோடையில், குடை பிடித்தபடி, வறண்ட ஆற்றை வெகு கவலையோடு பார்த்துக்கொண்டு யாராவது நின்றால் ஒரு வணக்கம் போட்டுவிடுங்கள். அவரேதான்.

நாம் பார்க்கப்போகிறவருக்கு வாய்த்தது ஒரு சின்ன நகரம். நடுவில் ஓர் ஆறு. குன்றிலிருந்து இறங்கி, வீடுகளுக்கு நடுவே நெளிந்து, அந்த ஆற்றில் விழும் ஓர் ஓடை. ஆற்றுப் பாலத்தில் நீர்மட்டம் காட்டும் அளவுகோல் இருந்தது. அதற்கு நாற்பது வருஷப் பதிவேடும் இருந்தது. மனிதர் அதைத் தடவிப் பார்த்தார், படம் எடுத்தார், பக்கத்தில் நின்று தானும் ஒரு படம் எடுத்துக்கொண்டார். ஓடையில் அளவுகோல் கிடையாது. அளவுகோல் இல்லாத தண்ணீரை அவர் தண்ணீராகவே மதிப்பதில்லை.

ஓடைத்தெருவில் ஒரு தையல்காரர் அவரை வலிய நிறுத்தி, தன் கடைச் சுவரில் நெஞ்சு உயரத்தில் இருந்த கறையைக் காட்டினார்.

"ஓடைத் தண்ணி சொல்லிட்டு வராது சார். மேல பெஞ்சா, கால் மணி நேரத்துல இங்க நிக்கும்."

எந்தத் தேதி, எத்தனை மணி, பதிவு உண்டா என்று விசாரித்தார் நம்மவர். சுவரில்தான் இருக்கிறது என்றார் தையல்காரர். சுவரின் சாட்சியம் செல்லாது என்பது துறையின் கொள்கை. மூக்கைப் பொத்திக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

அலுவலகத்தில் அட்டவணை தயாரானது. தட்டச்சு செய்த அம்மாள், ஓடைக்கு என்ன போடுவது என்று கேட்டார். "ஒண்ணும் இல்லையேம்மா" என்றார் இவர். அளந்த கணக்கு ஒன்றும் இல்லை என்பது அவர் மனசில் இருந்தது. அந்த அம்மாளுக்கு மனசு எப்படித் தெரியும்? 'ஆபத்து' என்ற தலைப்பின் கீழே 'ஒன்றும் இல்லை' என்று அடித்துவிட்டார். வரைபடக்காரர் அதைப் பார்த்து, ஆபத்தில்லை என்று ஓடைத்தெரு முழுக்கப் பச்சை பூசினார்.

நம்மவர் கவனிக்கவில்லையா? கவனித்தார் ஐயா, நன்றாகக் கவனித்தார்! சுவர்க்கறைகூட நினைவுக்கு வந்தது. ஆனால் திருத்த வேண்டுமென்றால் அந்தக் கட்டத்தில் 'தெரியாது' என்று எழுத வேண்டும். நிபுணர் ஒருவர் தன் கையால் அந்த வார்த்தையை எழுதுவதாவது! எங்கோ இரண்டு ஒற்றுப்பிழைகளை மட்டும் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அதே ஓடைத்தெருவில்தான் அவருடைய தங்கை குடியிருந்தாள். பக்கவாதத்தில் விழுந்த மாமனாரை மாடியில் வைத்துக்கொண்டு, சாப்பாடும் வெந்நீரும் தூக்கித் தூக்கி அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. கீழறைக்குக் கட்டிலை இறக்கலாமா என்று அண்ணனைத்தான் கேட்டாள். பதில் சொல்ல நேரமில்லாத அண்ணன் வரைபடத்தைச் செல்போனில் அனுப்பிவைத்தார். பச்சை. கட்டில் இறங்கியது.

அறிக்கையை நகரமன்றம் ஏற்றுக்கொண்ட நாள். மத்தியானம் இரண்டு மணி. குன்றின் மேல் மழை; ஊருக்குள் நல்ல வெயில். பாராட்டு மாலைக்கு நம்மவர் கழுத்தை நீட்டப் போன சமயம், போன் அடித்தது.

"அண்ணா, வீட்டுக்குள்ள தண்ணி. மாமா கட்டில் முங்குது. தூக்க ஆளில்ல."

அவர் என்ன செய்தார் என்கிறீர்கள்? பாலத்து அளவுகோல் காட்டும் மட்டத்தைச் செல்போன் திரையில் பார்த்தார்.

"ஆத்து மட்டம் சாதாரணமாத்தாம்மா இருக்கு."

உண்மைதான். சாதாரணமாகத்தான் இருந்தது. தங்கை போனை வைத்துவிட்டாள். தையல்காரர்தான் துணி வெட்டும் பலகையோடு ஓடிவந்து, அக்கம்பக்கத்து ஆட்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, கிழவரை மாடிக்குத் தூக்கினார். அதற்குள் தண்ணீர் படுத்திருந்தவர் காதுவரை வந்திருந்தது. உயிர் மிஞ்சியது. ஆனால் அதுவரை குழறிக் குழறியாவது பேசிக்கொண்டிருந்தவர், பிறகு வாயே திறக்கவில்லை.

தங்கை சண்டை போடவில்லை. "உன்னக் கேட்டுத்தானேண்ணா கீழ இறக்கினேன்" என்று மட்டும் சொன்னாள். அவமானத்தில் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? மறுநாள் அலுவலகம் போய், அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அடிக்குறிப்பு ஒன்று சேர்த்தார்: 'ஓடையோரம் ஓரளவு ஈரம் தென்பட்டதாகத் தகவல், உறுதி செய்யப்படவில்லை.' பச்சையில் அவர் கை வைக்கவில்லை.

திட்டுங்கள், தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் இதை நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே, அடுப்பை அணைத்தாயிற்றா என்று உள்ளிருந்து ஒரு குரல் கேட்டதே. தலையைத் தூக்காமல் "ஆச்சு, ஆச்சு" என்றீர்களே. எழுந்து போய்ப் பார்த்துவிட்டா சொன்னீர்கள்?