பொதட்டூர்பேட்டைக் குன்றும் என் பூர்வீகமும்

திருவள்ளூர்,
12-5-1971

பத்திராதிபர் அவர்களுக்கு, கோவில் வீதி பாஷ்யம் அநேக நமஸ்காரம். பெருமாள் கிருபையால் தாங்களும் தங்கள் அச்சு யந்திரமும் க்ஷேமமாயிருக்க வேண்டும். நான் க்ஷேமமாயில்லை. காரணம் தங்கள் பத்திரிகை.

பொதட்டூர்பேட்டைப் பக்கத்துக் குன்றின் மேல் தோண்டுகிறார்களே, ஆதிமனிதர் குடியிருந்த ஊர், அடுப்புக்கரியைச் சோதித்து நாலாயிரம் வருஷம் என்றார்களே, அது தம் முன்னோர் வாழ்ந்த இடம் என்று பாஷ்யம் கூறுவதாகச் சென்ற வாரம் போட்டீர்கள். கூறியவன் நான்தான். குன்றடியில் எங்களுக்கு அரைக் காணி நிலம் உண்டு. வாய் சும்மா இருக்கவில்லை. இம்மாதம் இருபத்தெட்டாம் தேதி என் பெண் ஹேமாம்புஜத்துக்குக் கல்யாணம். சம்பந்தி பராசரன் பரம வைதிகர். பத்திரிகையும் கையுமாக அவரைக் குன்றுக்கு அழைத்துப்போய், "எங்காத்துப் பூர்வீகம், பார்த்துக்கோங்கோ" என்று நான் கையை நீட்டவும், குழிக்குள்ளிருந்து கூலியாள் குப்புராஜ் ஒரு எலும்பைத் தூக்கிக் காட்டி, "சாமீ! ஓடியாங்க, உங்க தாத்தா கெடைச்சிட்டாரு! எம்மா நாளா இங்க பட்துக்கினு கீறாரோ!" என்று கத்தவும் சரியாக இருந்தது.

சம்பந்தி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "தகனம் ஆகலை, கர்மா ஆகலை. ஓய், நீர்தானே தாயாதி? எல்லாம் பண்ணி வருஷம் திரும்பட்டும், அப்புறம் கல்யாணம்." நாலாயிரம் வருஷம் ஆச்சே என்றேன். "சேதி இன்னிக்குத்தானே வந்தது?" என்கிறார். கர்மா பண்ணிவைக்கும் வாத்தியாரோ செத்த திதி கேட்கிறார். தோண்டும் அதிகாரியிடம் ஓடினேன். "முன்னே பின்னே நூற்றைம்பது வருஷம் இருக்கும் சார், கரியில திதியெல்லாம் தெரியாது" என்கிறார். குழந்தை ஹேமா மூன்று நாளாய்ச் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு வருஷம் தள்ளினால் பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துவிடுவார்கள்.

ஆகையால், ஊர் பாஷ்யத்தின் முன்னோருடையதுதான், ஆனால் அங்கே செத்தவர் மட்டும் வழிப்போக்கராய்த் தங்க வந்த அசலூர்க்காரர் என்று அடுத்த இதழில் திருத்தம் போட வேண்டுகிறேன். நாலாயிரம் வருஷத்தை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

தங்கள் அகத்துப் பெரியவர்களுக்கு நமஸ்காரம். குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். என் பெயரைப் பிழையில்லாமல் அச்சுக் கோத்தவருக்குத் தனி ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
பாஷ்யம்

பின்குறிப்பு: தபாலில் சேர்க்கக் கிளம்பும்போது அதிகாரி வந்தார். எலும்பு மனுஷனுடையது இல்லையாம், காட்டுப்பன்றியாம்! கர்மா இல்லை, கல்யாணம் உண்டு என்று ஹேமாவிடம் கத்திவிட்டுச் சம்பந்தி வீட்டுக்கு ஓடப்போனேன். அதிகாரி கையைப் பிடித்து நிறுத்தி, "எலும்புல வெட்டுத் தழும்பு இருக்கு, தீயில வாட்டின கறை இருக்கு. உங்க முன்னோர் நல்லா ருசிச்சுச் சாப்பிட்டிருக்காங்க சார்" என்றார். ஐயா, மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடவும். அந்தக் குன்றில் எங்களுக்கு ஒருத்தரையும் தெரியாது. பாஷ்யத்தின் பாட்டனார் 1904-இல் காஞ்சிபுரத்திலிருந்து ரயிலேறி வந்தவர் என்று முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடவும்.