ஸஹீதிடம் மைக் கொடுக்க வேண்டாம்

"எங்கட அப்பாவக் காணல்ல தம்பி," என்று பாலம்மா கூடாரத்துக்குள் ஓடி வந்தாள். அவளுக்கு முன்பே மழை உள்ளே வந்துவிட்டிருந்தது.

சாய்ந்தமருதுக் கடற்கரை மைதானத்தில் இசைவிழா. மேடையில் கிட்டார், கீழே சேறு. கூட்டத்தைப் பராமரிக்கும் தொண்டர்களுக்கென்று போட்ட கூடாரத்தில், செம்மஞ்சள் அங்கியோடு ஸஹீத் நின்றிருந்தான். வழுக்கி விழுந்தவர்களைத் தூக்கிவிடுவது, மயங்கியவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது, செருப்பைத் தொலைத்தவர்களுக்கு ஆறுதல் சொல்வது, இவைதான் வேலை. பின்னேரம் தொடங்கியதிலிருந்து செருப்புக்காரர்கள்தான் அதிகம்.

"அப்பாட பேர் என்ன அக்கா?"

"கந்தப்போடி. ஊர் ஆலையடிவேம்பு. பாட்டுக் கேக்கணும் எண்டு அடம்புடிச்சி வந்தவர். நான் குடை வாங்கப் போன நேரம் ஆளக் காணல்ல."

"பயப்படாதீங்க. மைக்கில சொன்னாச் சரி."

சொன்ன பிறகுதான் ஸஹீதுக்குத் திக்கென்றது. விழா அறிவிப்பாளர் மழையில் நனைந்து, தொண்டை கட்டி, அப்போதே வீட்டுக்குப் போயிருந்தார்.

ஸஹீதுக்குக் குரல் இல்லாமலில்லை. அவனுக்கு வினையே குரல்தான். ஊரில் யார் இறந்தாலும் அந்த மௌத்தைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பவன் அவன். கனத்த, நிதானமான குரல். இன்னாரின் கணவரும் இன்னாரின் தந்தையும் இன்னாரின் மாமனாருமான என்று அவன் உறவுகளை அடுக்கத் தொடங்கினால், மௌத்தானவரை முன்பின் தெரியாதவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜனாஸா அடக்கத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். அவனுடைய தகப்பனின் தம்பியான சாச்சா மௌத்தான அன்று மட்டும் அவனுக்கு நா எழவில்லை. மைக்கைப் பிடித்தபடி விம்மி விம்மி அழுதான். பிறகு பாங்கு சொல்லும் பள்ளி மோதினார்தான் அறிவித்தார். அவருக்குத் தீராத மூக்கடைப்பு. யார் மௌத்து என்றே பாதி ஊருக்கு விளங்காமல், ஜனாஸாத் தொழுகையில் இரண்டு வரிசைகூடச் சேரவில்லை.

ஸஹீத் யாருக்காவது போன் எடுத்தால் அந்தப் பக்கம் ஹலோ வராது. "ஆரு மௌத்து?" என்றுதான் வரும்.

அதைக்கூட விட்டுவிடலாம். றுகையாவை எப்படி விடுவது? அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. அவனுக்கோ அவளைத் தவிர வேறு நினைப்பே இல்லை. அவளுடைய உம்மா சுல்பிகா மட்டும் ஒரே பிடியாக நின்றாள்: "அந்தக் குரல் நம்மட வூட்டுக்குச் சரிவராது."

இந்தப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருப்பார். விடிந்ததும் பிளேன்டீ கேட்பதும் அந்தக் குரல்தான், படுக்கப்போகும்போது கேட்டைப் பூட்டவா என்று கேட்பதும் அந்தக் குரல்தான். அந்த மனுசியின் நெஞ்சும் தாங்க வேண்டுமே என்று ஊரே சுல்பிகாவுக்காகப் பரிந்து பேசியது. சில நேரம் ஸஹீதும் சேர்ந்து பேசினான்.

"உம்மாவுக்குப் பயம்," என்றிருந்தாள் றுகையா. "உங்கட வாயால ஒரு நாளாவது சந்தோசமான கதை கேட்டா மனம் மாறுவா. விழாவில நில்லுங்க. எங்கட வூடு மைதானத்துக்கு முன்னாலதானே, கேட்டடியில நிண்டாலே எல்லாம் கேக்கும்."

அதனால்தான் இந்த அங்கி, இந்தச் சேறு, இந்தச் செருப்புகள்.

விழாக் குழுத் தலைவன் சாஜித் மைக்கைக் கொண்டுவந்து அவன் கையில் திணித்தான்.

"ஏலாது சாஜித். நான் கதைச்சா விழா முடிஞ்சிரும்."

"சிரிச்சிக்கிட்டுச் சொல்லு மச்சான். சிரிச்சா எல்லாம் சரி."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. கேட்டடியில் சுல்பிகா நின்று கேட்கும் நேரம். ஸஹீத் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"அன்பான ரசிகர்களே, உங்களுக்கு ஒரு சந்தோசமான செய்தி. ஆலையடிவேம்பு கந்தப்போடி ஐயாவைக் காணவில்லை."

கூட்டம் பகிடி என்று நினைத்துக் கைதட்டியது. ஒருவரும் தேடவில்லை.

"எங்கட அப்பா காணாமப் போனது உனக்குச் சந்தோசமா தம்பி?" என்றாள் பாலம்மா.

"ஐயோ அக்கா, அப்பிடி இல்ல."

"அப்ப ஒழுங்காச் சொல்லு."

ஒழுங்காகச் சொல்ல அவனுக்கு ஒரே ஒரு விதம்தான் தெரியும். சிரிப்பை விட்டான். தொண்டையைச் செருமினான். மீதியைப் பழக்கம் பார்த்துக்கொண்டது.

"ஆலையடிவேம்பை வசிப்பிடமாகக் கொண்ட கந்தப்போடி அவர்கள். அன்னார் பாலம்மாவின் அன்புத் தந்தையும்," என்றவன் மைக்கைப் பொத்திக்கொண்டு, "உம்மாட பேர்?" என்றான்.

"செல்லத்தங்கம்," என்றாள் பாலம்மா, தன்னையறியாமல் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு. "என்ட அவர்ட பேர் சுரேஸ்."

"செல்லத்தங்கத்தின் அன்புக் கணவரும், சுரேஸின் மாமனாரும் ஆவார்."

கிட்டார் நின்றது. ட்ரம்ஸ் அடித்தவர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். தொப்பி இருந்தவர்கள் அதை எடுத்துத் தலையில் போட்டார்கள், இல்லாதவர்கள் கைக்குட்டையைக் கட்டினார்கள். வடைக் கடைப்பக்கம் நின்ற ஆலையடிவேம்புக்காரர்களிடமிருந்து முதல் ஒப்பாரி எழுந்தது. அதைக் கேட்டுப் பாலம்மாவும் தொடங்கினாள்.

"நீங்க என்னத்துக்கு அக்கா அழுறீங்க? அவரு காணாமத்தானே போயிருக்கார்?"

"எனக்கு அது தெரியும் தம்பி. நீ சொன்ன விதத்தில அழாம இரிக்க ஏலாமக் கிடக்கு."

சாஜித் சேற்றில் சறுக்கிக்கொண்டு வந்தான். "சனமெல்லாம் வெளிக்கிடுது. மையத்து எந்த வூட்டுல எண்டு என்னட்டக் கேக்கிறாங்க. அவரு சாகல்ல எண்டு உடனே சொல்லு."

ஸஹீத் மைக்கை உயர்த்தியபோதுதான் வீதிக்கு அப்பால் பார்த்தான். கேட்டடியில் சுல்பிகா நின்றிருந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்தது. றுகையாவும் முடிந்தாள். அவள் வீட்டு முற்றத்தில் அவன் குடிக்காத பிளேன்டீ எல்லாம் ஒரே நேரத்தில் நெஞ்சில் ஏறி நின்றது. பாவம், அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. கண்ணீர் கொட்டியது. ஆனால் கிழவரைக் கண்டுபிடிக்க வேண்டும், பாலம்மா காத்து நிற்கிறாள். அழுதபடியே சொன்னான்.

"பாலம்மாவின் அன்புத் தந்தையும், செல்லத்தங்கத்தின் அன்புக் கணவரும், சுரேஸின் மாமனாருமான கந்தப்போடி அவர்கள், இன்னும் காலமாகவில்லை என்பதை ஆழ்ந்த துயரத்துடன் அறியத்தருகிறோம்."

அதுவரை அழாதவர்களும் அப்போது அழுதார்கள்.

கொஞ்ச நேரத்தில் தலையில் பொலித்தீன் பை கவிழ்த்த ஒரு வயதானவர், கையில் வடைப் பொட்டலத்தோடு கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, சுடலைக்கு எடுக்கிற எத்தின மணிக்கு?"

"ஆரை ஐயா?"

"கந்தப்போடிய. என்ட பேர்தான் அவனுக்கும். பொஞ்சாதி, மகள், மருமகன், எல்லார்ட பேரும் அச்சொட்டா நம்மட போல. நல்ல மனுசனா இருந்திருப்பான். கேக்கக்குள்ள எனக்கே அழுக வந்திட்டு. போய் ஒரு முகத்தப் பாப்பமெண்டு வந்தன்."

"அப்பா," என்று பாலம்மா பாய்ந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப அது நானா?" என்றார் கந்தப்போடி. குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

மகளும் அப்பாவும் வடை தின்றுகொண்டு போய்விட்டார்கள். மைதானம் வெறுமையாகிவிட்டது. சாஜித் வயர் சுற்றிக்கொண்டிருந்தான். ஸஹீத் அங்கியைக் கழற்றிப் பிழிந்தபோது, கூடார வாசலில் ஒரு குடை வந்து நின்றது. சுல்பிகா. அவளுக்குப் பின்னால் றுகையா, தலையைக் குனிந்தபடி.

"மன்னிச்சிருங்க மாமி. சந்தோசமாச் சொல்லத்தான் பாத்தன். என்ட குரலுக்கு அது வருதில்ல."

சுல்பிகா குடையை மடக்கினாள். அவளுடைய கண் இன்னும் சிவந்திருந்தது.

"கடைசியாச் சொல்லக்குள்ள அழுதீங்களா?"

"ஓம் மாமி."

"மெய்யாத்தான் அழுதீங்களா, மழையா?"

"மெய்யாத்தான் அழுதன்."

"அழுதுகிட்டா அவ்வளவத்தையும் சொன்னீங்க? ஒரு பேரும் தப்பாம?"

"ஓம்."

சுல்பிகா நீளமாக ஒரு மூச்சு விட்டாள். பிறகு மகளிடம் திரும்பினாள்.

"நிக்காஹுக்கு நாளப் பாக்கச் சொல்லு புள்ள."

றுகையாவுக்கு நம்ப முடியவில்லை. "அப்ப உங்களுக்கு இவர்ட குரலுக்குப் பயமில்லையா உம்மா?"

"எனக்கென்ன பயம்? மருமகனா வந்தா, சாச்சா மௌத்துக்கு அழுத மாதிரி என்ட மௌத்துக்கும் அழுதிட்டு நிப்பார், மறுகா அந்த மோதினார் மூக்கால என்ட பேரச் சொல்லி ரெண்டு வரிசைச் சனமும் வராது எண்டுதானே இவ்வளவு நாளும் வேணாமெண்டு நிண்ட நான்."