நாற்பத்து மூன்று கேமராவும் ஒரு முள்ளம்பன்றியும்

செல்போன் சிக்னல் இரண்டு கோட்டுக்கு மேல் ஏறாத ஒரு காட்டில், பரஞ்சோதி என்றொரு முள்ளம்பன்றியார் வாழ்ந்து வந்தார். குடி, சீட்டு என்று எந்தக் கெட்ட பழக்கமும் அவருக்குக் கிடையாது. பழைய பிலிம் கேமராவைக் கண்டால் மட்டும் கால் தானாக நின்றுவிடும்.

முதலில் வாங்கிய கேமரா வேலை செய்யவில்லை. உதிரிப் பாகத்துக்காக அதே மாடலில் இரண்டாவது வாங்கினார். அது அருமையாக வேலை செய்ததால் பிரிக்க மனம் வரவில்லை. ஆகவே மூன்றாவது. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் சொல்லிச் சொல்லியே நாற்பத்து மூன்று சேர்ந்துவிட்டது. வளையில் மனைவி செண்பகவல்லிக்குப் புரண்டு படுக்க இடமில்லை. ஒருநாள் புரண்டேவிட்டார். முள் குத்தி, ஒரு மடக்குக் கேமராவின் முன்னால் நீளும் தோல் துருத்தியில் ஏழு ஓட்டை. பரஞ்சோதி பதறிப்போய்த் துருத்தியைத் தடவிக் கொடுத்தார்.

"நான் எங்க அண்ணன் வளைக்குப் போறேன்," என்றார் செண்பகவல்லி. "கேமரா மறப்போர் சங்கத்துல திருந்திட்டேன்னு சான்றிதழ் வாங்கிட்டு வந்து கூப்பிடுங்க. பௌர்ணமிக்குள்ள வரலைன்னா, அதுங்களோடயே குடும்பம் நடத்துங்க."

பரஞ்சோதிக்கு அழுகை வந்துவிட்டது. கேமராவை விடுவது கஷ்டம்தான். ஆனால் செண்பகவல்லி இல்லாத வீட்டில் கிழங்குகூடத் தொண்டையில் இறங்கவில்லை. மறுநாளே சங்கத்து வரிசையில் போய் நின்றார்.

"எல்லாக் கேமராவையும் இங்க ஒப்படைக்கணும் சார்," என்றார் சங்கத்து எழுத்தர் ஆமையார். "அதுக்கு முன்னாடி, அத்தனையும் ஒரே படத்துல தெரியற மாதிரி ஒரு பிரிண்ட் வேணும். பிலிம்ல எடுத்ததா இருக்கணும். போன்ல எடுத்தது செல்லாது."

பரஞ்சோதி எல்லாவற்றையும் அடுக்கிப் படமெடுத்து, கொக்கு ஸ்டூடியோவில் கழுவிக் கொண்டுவந்தார். ஆமையார் எண்ணி முடிக்க அரை நாள் ஆனது.

"நாப்பத்திரண்டுதான் இருக்கு. ஒண்ணு எங்க?"

"அதுலதான் சார் படம் எடுத்தேன்."

"அதுவும் படத்துல வரணும்ல?"

வேறொரு கேமராவால் எடுத்தார். இப்போது அது படத்தில் இல்லை. நிலைக்கண்ணாடி முன்னால் வைத்து எடுத்தார். எண்பத்தைந்து கேமரா தெரிகிறதே என்று ஆமையார் சந்தேகப்பட்டார். இரவல் வாங்கலாம் என்றால், அந்தக் காட்டில் வேறு எவரிடமும் பிலிம் கேமரா கிடையாது. எல்லாவற்றையும் வாங்கியவரே இவர்தான். புதிதாக வாங்கினாலோ அது நாற்பத்து நான்காவது.

பௌர்ணமிக்கு இரண்டு நாள் இருந்தது. விஷயம் காக்கை மூலம் செண்பகவல்லியின் காதுக்குப் போனது. கோபம் இருந்தாலும், மனுஷன் இப்படி அல்லாடுகிறாரே என்று மனசு கேட்கவில்லை. பக்கத்துக் காட்டுக் காயலான் கடையில் ஒரு கேமராவும் பிலிமும் வாங்கிக்கொண்டு நேரே வந்தார்.

"இது என் பேர்ல வாங்கினது. உங்களோடதுல சேராது. நகருங்க."

க்ளிக். நாற்பத்து மூன்றும் படத்தில் விழுந்தன. செண்பகவல்லி பிலிம் நகர்த்தும் நெம்புகோலை ஒருதரம் இழுத்தார். இன்னொருதரம் இழுக்கவேண்டும் போலிருந்தது.

"ரோல்ல இன்னும் முப்பத்தஞ்சு இருக்கே. வீணாக்கலாமா?"

கறையானை எடுத்தார், கறையானின் புற்றை எடுத்தார், பரஞ்சோதியின் மூக்கை மட்டும் ஒன்பது படம் எடுத்தார். ரோலும் தீர்ந்தது, பொழுதும் சாய்ந்தது.

பௌர்ணமியன்று ஆமையார் பிரிண்டை எண்ணினார். "நாப்பத்து மூணும் சரியா இருக்கு," என்று சொல்லி முத்திரையை மையில் ஒற்றித் தூக்கினார்.

"கொஞ்சம் இருங்க," என்றார் செண்பகவல்லி. பிறகு புருஷன் பக்கம் திரும்பினார். "ஏங்க, மேல் வரிசையில மூணாவது இருக்கே, அதோட லென்ஸ் என்னுதுக்குப் பொருந்துமா?"

இந்த மாதிரிக் கேள்வியை அவரிடம் யாருமே கேட்டதில்லை. பரஞ்சோதிக்குக் கண் கலங்கிவிட்டது. "பொருந்தும் செம்பா. நடுவுல ஒரு வளையம் மட்டும் வேணும். அந்த வளையம் தனியாக் கிடைக்காது, கேமராவோட சேர்த்துத்தான் வாங்கணும்."

"அப்ப போகலாம், கடை சாத்திடப் போறான்."

ஆமையார் தூக்கிய முத்திரையைக் கீழே வைத்தார். மறுநாள் இருவரும் சேர்ந்து வளையை இன்னும் நான்கு அறைக்குத் தோண்ட ஆரம்பித்தார்கள்.

நீதி: கெட்ட பழக்கத்தை விடுவது மிகவும் சிரமம். வீட்டில் இன்னொருவருக்கும் அதைத் தொற்றவைத்துவிட்டால், விட வேண்டிய அவசியமே இராது.